வைஃபைக்கும் அவுட்பாஸ்

போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து போன் வந்தது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பிதான் பேசினார். ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். "பாதுகாப்பான வளாக இணையம்" என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கொஞ்சம் பாசிட்டிவாக இருக்கட்டும் மேடம் என்று வேறு கேட்டுக்கொண்டார். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, பாசிட்டிவாகவும் வரவில்லை. மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வயிற்றெரிச்சலை எத்தனை நாளைக்கு உள்ளேயே வைத்திருப்பது?

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். குன்றத்தூரில் வீடு. காலையில் கல்லூரி பஸ் ஏறினால் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டு போய்ச் சேருவோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி கேபிள் இழுத்திருக்கிறேன். ஒரு லேபுக்கு இழுத்தது, பிறகு ஒரு கட்டடத்துக்கு, பிறகு வளாகம் முழுவதற்கும் என்று வளர்ந்து, கடைசியில் நெட்வொர்க் இன்சார்ஜ் என்று கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பயிற்சி என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வேலை கெட்டுப்போகும்போதெல்லாம் சரிசெய்து கற்றுக்கொண்டதுதான்.

அந்தக் காலத்தில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எங்கள் கல்லூரிக்கு வந்து நெட் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அழைத்த துறைத் தலைவர் ஒரு கடிதம் எழுத வேண்டும். முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். விருந்தாளியின் அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்து இணைக்க வேண்டும். அதெல்லாம் என்னிடம் வந்ததும் நான் ஒரு பாஸ்வேர்டு உருவாக்கி, துண்டுச் சீட்டில் எழுதி அட்டெண்டரிடம் கொடுத்தனுப்புவேன். அதில் இருப்பது பூஜ்யமா, ஆங்கில எழுத்தா என்று அவர் தட்டுத் தடுமாறி உள்ளே போவதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். சாயங்காலத்துக்குள் அந்தச் சீட்டில் இருந்தது பாய்ஸ் ஹாஸ்டல் முழுக்கப் பரவியிருக்கும்.

இதற்கெல்லாம் முடிவாக வந்ததுதான் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சேர்ந்து வைத்திருக்கும் பொது வைஃபை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் சேர்ந்த எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரே பெயரில் வைஃபை இருக்கும். நீங்கள் உங்கள் சொந்தக் கல்லூரியின் ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டால் போதும். போன இடத்தில் உங்களை யாரும் விசாரிக்க மாட்டார்கள். அவர்கள் சர்வர் உங்கள் கல்லூரி சர்வரை ஒரு கேள்வி கேட்கும்: இவர் உங்கள் ஆள்தானா? உங்கள் கல்லூரி ஆமாம் என்றால் கதவு திறக்கும். உங்கள் பாஸ்வேர்டுகூட அவர்கள் கண்ணில் படாது. கல்யாண வீட்டு வாசலில் முகம் தெரியாத ஒருவர் நிற்கும்போது, உள்ளேயிருந்து ஒரு குரல் "நம்ம ஆளுதான், வரச்சொல்லு" என்று சொல்வது மாதிரி. அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

அதில் எங்கள் கல்லூரியைச் சேர்க்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு முதல் விருந்தாளியாக வடகிழக்கிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். செமினார் ஹாலில் லேப்டாப்பைத் திறந்தார், பாடத்தை ஆரம்பித்தார். நெட் தானாகவே இணைந்துவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. கவனிக்காமல் இருந்தாரே, அதுதான் என் வேலைக்குக் கிடைத்த மார்க்.

இப்போது டீனுக்கு வருகிறேன். மாணவர் நலன் டீன் என்று பதவி. எப்போதும் வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் கற்கண்டு வைத்திருப்பார். யார் போனாலும் "உட்காருங்கம்மா" என்று சொல்லிக் கிண்ணத்தை நகர்த்துவார். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. இதைச் செய் என்று உத்தரவு போட்டும் கேட்டதில்லை. "பண்ணிட்டா நல்லா இருக்கும்" என்பார். மறுத்துப் பேசினால் வாதாட மாட்டார். பேனா ஸ்டாண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி வைத்துவிட்டு, யோசித்துப் பாருங்கள் என்று சிரிப்பார். பிறகு அதே காரியத்தை வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்வார். மாணவிகள் வெளியே போக வாங்கும் அவுட்பாஸில் தவிர வேறு எந்தக் காகிதத்திலும் அவர் விரும்பிக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கற்கண்டு வந்தது. பெண்கள் வெளியே போகும்போது எதற்கு நம்ம நெட் என்று ஆரம்பித்தார். அவருக்கு முதலில் ஒரு தவறான எண்ணம் இருந்தது. எங்கள் மாணவி பெங்களூரில் போய் லாகின் செய்தால் எங்கள் கல்லூரி நெட்தான் அங்கே வரை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை சார், நம்மிடமிருந்து போவது ஆமாம் என்கிற ஒரு பதில் மட்டும்தான், நெட் அந்த ஊர்க் கல்லூரியுடையது என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். புரிந்தபிறகும் விடவில்லை. ஹாஸ்டல் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா, ஐடிக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தால் நல்லது என்றார். மாணவிகளின் ஐடி வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்ய வேண்டுமாம்.

பையன்களுக்கு என்று கேட்டேன்.

"அவங்களுக்கு எதுக்கும்மா? அவங்க பசங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேபிள் இழுத்த பெண் நான். என்னிடமே வந்து, பெண்ணின் பெயருக்கு கேட் தாண்டினால் மதிப்பில்லை என்று எழுதச் சொல்கிறார். அதுவும் ஹாஸ்டல் பெண்களுக்கு மட்டுமல்ல, தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிற பெண்களுக்கும் சேர்த்து. "எழுத்துல குடுங்க சார், யோசிக்கிறேன்" என்றேன். நமக்குள் எதற்குக் காகிதம் என்று பேனா ஸ்டாண்டை நகர்த்தினார்.

அடுத்த வாரம் உபகரணங்கள் சப்ளை செய்த கம்பெனியிலிருந்து ஓர் ஆள் சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவன் போன பிறகு பார்த்தால் என் அட்மின் பாஸ்வேர்டு மாறியிருந்தது. எனக்கு எல்லாவற்றையும் பார்க்க மட்டும் அனுமதி, எதையும் மாற்ற முடியாது. நான் வைத்த சர்வர், நான் ஏற்றிய மென்பொருள். ஆனால் சாவி டீன் சொன்னபடி கேட்கும் ஒருவனிடம். திறந்து பார்த்தேன். பெண்கள் என்று ஒரு குழு. வெளியிலிருந்து கேள்வி வந்தால் மறுக்கவும் என்று ஒரு வரி. முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பாதுகாப்பு விஷயத்தில் டீன் பார்த்துக்கொள்வார் என்று வாய்வழியாக வந்தது. அந்தக் கல்லூரியில் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்புவதே அபூர்வம் என்பதால் விஷயம் பெரிதாக வெளியே தெரியவில்லை. எங்கேயாவது போய் லாகின் ஆகாமல் திரும்பிய ஒன்றிரண்டு பேரும் அந்த ஊரில் சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எஸ்தர் மூன்றாம் ஆண்டு மாணவி. வடக்குப்பட்டுப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. அந்தப் பெண் தன் துறையில் முதல் மாணவி. பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம், கோடை விடுமுறையில் தங்கி ஆய்வு செய்ய மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் தேர்வு வைத்து எடுக்கும். அதில் நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே நேராக ஆராய்ச்சிப் படிப்பில் சேரலாம். எங்கள் கல்லூரியிலிருந்து எழுதத் தகுதி பெற்றவர்கள் நான்கு பேர். மூன்று பையன்கள், எஸ்தர். துறைத் தலைவரின் கடிதம், அம்மாவின் சம்மதக் கடிதம், கல்லூரியின் சான்று என்று ஒரு பெண் வெளியூர் போக என்னென்ன வேண்டுமோ எல்லாம் வாங்கினாள். வெளியே செல்ல அனுமதி என்று கடைசிக் கையெழுத்துப் போட்டது டீன்தான். இதெல்லாம் துறைக்குள் நடந்தது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

தேர்வன்று காலையில் என் அறைப் போன் அடித்தது.

"மேடம், நான் எஸ்தர் பேசறேன், தேர்ட் இயர். இங்க பசங்க மூணு பேருக்கும் கனெக்ட் ஆயிடுச்சு. எனக்கு மட்டும் ஆகல. இங்க இருக்கிற சார் பாத்துட்டு, உங்க காலேஜ்தான் இந்தப் பொண்ணு வேணாங்குதுன்னு சொல்றாரு. நான் எதனா தப்பாப் போடறேனா மேடம்?"

அவள் தவறாக எதுவும் போடவில்லை. அங்கே தேர்வு அவரவர் லேப்டாப்பில். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆள் மாறாட்டம் நடக்கக்கூடாது என்பதற்காகவே பொது வைஃபையில் சொந்தக் கல்லூரி ஐடியோடுதான் உள்ளே வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். விருந்தாளி பாஸ்வேர்டு கிடையாது. அந்த விதியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். யார் பிள்ளை என்று அந்தந்தக் கல்லூரியைக் கேட்கிறார்கள், அதுதானே முறை. தேர்வு நடத்திய அலுவலகத்து மனிதர்களும் நல்லவர்கள். தங்கள் லேண்ட்லைனைக் கொடுத்து என்னோடு பேச வைத்தார்கள். உள்ளே நுழைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

திரையில் பார்த்தேன். பெங்களூரிலிருந்து கேள்வி வருகிறது. எங்கள் சர்வர் இல்லை என்கிறது. மறுபடி வருகிறது. மறுபடி இல்லை. எஸ்தர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அந்த வரியை அழித்துவிடக் கை துடித்தது. பார்க்கத்தான் முடியும், தொட முடியாது.

டீன் அறைக்கு ஓடினேன். கற்கண்டுக் கிண்ணத்தை நகர்த்தினார். எனக்கு அதைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். செல்போனில் நெட் போட்டுக்கொள்ளச் சொல்லலாமே என்றார். போன் வாசலில் இருக்கிறது என்று சொன்னேன். சரி, பெற்றோர் சம்மதித்தால் திறந்துவிடலாம், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றார். சம்மதக் கடிதம் உங்கள் பைலில்தானே இருக்கிறது என்றேன். அது ஊருக்குப் போவதற்காம். இது நெட்டுக்காம்.

எஸ்தரின் அம்மா கேன்டீன் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்க வேண்டும். அடித்தோம், எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். கேன்டீன் எடுத்து நடத்துகிறவரின் நம்பரைத் தேடிப் பிடித்து, அவரைக் கெஞ்சி, அவர் ஆள் அனுப்பி, அந்த அம்மா சாம்பார் கரண்டியை வைத்துவிட்டு வந்து திருப்பிக் கூப்பிடுவதற்குள் பாதி நேரத்துக்கு மேல் போய்விட்டது. டீன் போனை ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் மகள் வெளியூரில் இருந்து நெட் பயன்படுத்த உங்களுக்குச் சம்மதமா, யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் கவனிக்க வேண்டுமல்லவா என்று குழைவாகக் கேட்டார். அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் குறுக்கே புகுந்து இரண்டே வரியில் நடந்ததைச் சொன்னேன். பின்னால் பாத்திரங்கள் உருளும் ஒலி கேட்டது.

"சார், எம் பொண்ணு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் பஸ் ஏத்தி வுட்டேன். போலாம்னு கையெழுத்து போட்டுக் குடுத்தது நீங்க. இப்ப அவ அங்க போய் நிக்கசொல்ல, அவ யாருன்னே தெரியாதுன்னு சொன்னா இன்னா சார் அர்த்தம்?"

டீன், பாதுகாப்புக்காகத்தான் என்று முணுமுணுத்துவிட்டுப் போனை வைத்தார். பிறகுதான் சாவி வைத்திருந்த கம்பெனி ஆளைக் கூப்பிட்டார். அவன் படப்பைப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஓரமாக நிறுத்து என்றேன். லேப்டாப் ஆபீசில் இருக்கிறது மேடம் என்றான். அப்படியானால் பாஸ்வேர்டையாவது எனக்குச் சொல் என்றேன். டீனைப் பார்த்தேன். யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தவரே அவர்தான். இப்போது சொல்லப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. பேனா ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டே, அவரே ஆபீஸ் போய்ப் பண்ணட்டும், அதுதான் முறை என்றார்.

அவன் ஆபீஸ் போய் அந்த வரியை எடுத்தபோது பெங்களூரில் கதவு சாத்தியாயிற்று. அடுத்த கேள்விக்கு எங்கள் சர்வர் ஆமாம் என்று சொல்லும். கேட்கத்தான் ஆள் இல்லை. எஸ்தர் அந்த அலுவலகத்துப் போனில் மறுபடி பேசினாள். அழவில்லை. பரவாயில்லை மேடம், பையன்கள் எழுதி முடிக்கிறவரைக்கும் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், சேர்ந்தே திரும்பி வந்துவிடுகிறோம் என்றாள். அந்தப் பரவாயில்லை என்னை அறைந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

அது அந்த வருஷ மாணவர்களுக்கு மட்டுமான தேர்வு. மறுமுறை கிடையாது. பெங்களூருக்கு நான் நீளமாகக் கடிதம் எழுதிக் கேட்டேன். வருந்துகிறோம், ஒருவருக்காகத் தனியாக நடத்த முடியாது என்று மரியாதையாக எழுதினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வந்தது அதற்கப்புறம் நடந்ததில். சர்வர் பழுது என்று ஒரு விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார் டீன். "சர்வர் நல்லாத்தான் சார் இருந்தது. நாம சொல்லிக்குடுத்ததைத்தான் அது சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் ஓய்வுக்கு அதிக வருஷமில்லை. வேலையை விட்டு நீக்கினாலும் நீக்கட்டும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதி முதல்வருக்கும், பெண்கள் புகார்க் குழுவுக்கும், நிர்வாகச் செயலாளருக்கும் அனுப்பினேன்.

முதல்வருக்குப் பயம் வந்துவிட்டது. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிற சமயம். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்றிருந்தால் கேள்வி வரும், சமமாக வையுங்கள் என்றாராம். டீன் அதற்குக் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். பையன்களுக்கும் மூடிவிட்டார். சமம் ஆகிவிட்டதாம்.

அந்த வாரம் பையன்கள் சிலர் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிப் போட்டிக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு லாகின் ஆகவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? துறைத் தலைவருக்குப் போன், முதல்வருக்குப் போன், ஒரு பையனின் அப்பா நேராகச் செயலாளருக்கே போன். பையன்கள் வெளியூரில் நெட் இல்லாமல் என்ன செய்வார்கள், கல்லூரியின் மானம் போகிறது என்று ஒரே களேபரம். இரண்டே நாள். எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். எனக்கு அட்மின் பாஸ்வேர்டும் திரும்பி வந்தது. பெண்களுக்காக ஒரு வருஷம் நான் எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படிக்கக்கூட ஆள் இல்லை. பையன்களுக்கு இரண்டு நாள் அடைத்ததும் அது அநியாயம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

எஸ்தரிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அவள் நான்காம் ஆண்டும் முடித்தாள். இந்தப் பக்கத்திலேயே ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் போக இருந்தது அங்கே அல்ல.

கடைசி நாளில் மாணவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழ்களைப் பெற வேண்டும். நெட்வொர்க் பிரிவுக்காக நானும் டீன் அறை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் எஸ்தர் வந்தாள். டீன் அவளை "மகளே" என்று அழைத்து வாழ்த்தினார். டிசியையும் நன்னடத்தைச் சான்றிதழையும் எடுத்து நீட்டினார். நன்னடத்தைச் சான்றிதழில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான் அச்சடித்திருக்கும்: இம்மாணவியை நான்கு ஆண்டுகளாக நாங்கள் நன்கு அறிவோம். மற்றவர்கள் படிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போனார்கள். எஸ்தர் நின்று படித்தாள். டிசியை எடுத்துக்கொண்டு மற்றதை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"இது வேணாம் சார்."

வேலைக்குச் சேருமிடத்தில் கேட்பார்களேம்மா, உன்னைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்ல வேண்டாமா என்றார் டீன். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேட்டா எங்க அம்மாவக் கூட்டிட்டுப் போறேன் சார். அவங்களுக்கு என்னைத் தெரியும்."